பேருக்கு ஒரு கையெழுத்து

ஐந்தாவது செமஸ்டர் வந்துவிட்டால் ஹாஸ்டலில் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். "மச்சி, நாமளே ஒரு ஃபர்ம் ஆரம்பிக்கலாம்டா." ட்ரோன் சர்வீஸோ, த்ரீ-டி பிரிண்டிங்கோ, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் செய்து விற்கும் தொழிலோ (ஆமாம், அதுவும் ஒரு தொழில்தான்!), எதுவானாலும் இரண்டாவது வாரத்தில் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: பார்ட்னர்ஷிப் என்றால் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். அப்போதுதான் உங்கள் அறைக் கதவு தட்டப்படும். "நீ காசு எதுவும் போட வேண்டாம். வேலையும் செய்ய வேண்டாம். பேருக்கு ஒரு கையெழுத்து போடு, அது போதும்."

இந்தக் கட்டுரை அந்தக் கையெழுத்தைப் பற்றியது. நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் ஒரு பொய் இருந்தால் யார் பதில் சொல்ல வேண்டும்? ரூம்மேட்டா, படிவத்தை நிரப்பிக் கொடுத்த ஆடிட்டர் ஆபீஸா, இல்லை நீங்களா? எனக்கு எந்த செமஸ்டரிலும் இது பாடமாக வரவில்லை. சட்டத்தை எடுத்துப் படித்துப் பார்த்தபோது, நான் நினைத்ததைவிட எளிமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

முதலில் எந்தச் சட்டம் என்று பார்த்துவிடுவோம். நாம் சாதாரணமாகச் சொல்லும் பார்ட்னர்ஷிப் ஃபர்ம், 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் கீழ் வருவது. தமிழ்நாட்டில் இதைப் பதிவு செய்வது பதிவுத்துறையில். இன்னொன்று எல்.எல்.பி., அதாவது வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை. அதற்கு 2008-இல் வந்த தனிச் சட்டம். படிவங்கள் போவது மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்துக்கு. முந்தையதில் பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதிவு செய்யாத ஃபர்ம், பாக்கி வைத்த வாடிக்கையாளர் மேல் ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட முடியாது (பிரிவு 69). அதனால்தான் எல்லோரும் பதிவுக்கு ஓடுகிறார்கள். எல்.எல்.பி.யில் பதிவு இல்லாமல் நிறுவனமே பிறக்காது.

இப்போது ஒரு கற்பனைக் கேஸ். உங்கள் ரூம்மேட்டின் ட்ரோன் ஃபர்ம், சாதாரண பார்ட்னர்ஷிப். பதிவு விண்ணப்பத்தில் பிரிவு 58 கேட்பது ரொம்பச் சின்ன விஷயங்கள்: ஃபர்மின் பெயர், தலைமையிடம், வேறு இடங்களில் நடந்தால் அந்த இடங்கள், ஒவ்வொரு பார்ட்னரும் சேர்ந்த தேதி, பார்ட்னர்களின் முழுப் பெயரும் நிரந்தர முகவரியும், எவ்வளவு காலத்துக்கு ஃபர்ம் என்பது. அவ்வளவுதான். ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். எல்லா பார்ட்னர்களும், அல்லது அவர்கள் தனியாக அதிகாரம் கொடுத்த ஆள், கையெழுத்திட வேண்டும். எழுதியது சரி என்று உறுதிமொழியும் தர வேண்டும்.

உங்கள் ரூம்மேட் அந்த ஒரு பக்கத்தில் மூன்று வேலை செய்திருக்கிறான் என்று வையுங்கள். தலைமையிடம் என்று பீளமேட்டில் மாமாவின் கடை மாடியைக் காட்டியிருக்கிறான். அங்கே ஒரு ஸ்க்ரூகூடக் கிடையாது. நீங்கள் இருவரும் சேர்ந்த தேதி என்று போன வருஷம் ஏப்ரல் 1-ஐப் போட்டிருக்கிறான். ஒரு டெண்டருக்கு ஒரு வருஷ அனுபவம் கேட்கிறார்கள் என்பதால். மூன்றாவதாக, பணம் போட்டு லாபத்தில் பங்கு பேசியிருக்கும் மாமாவின் பெயர் பட்டியலிலேயே இல்லை. அவர் அரசு ஊழியர். "இதெல்லாம் எல்லாரும் பண்றதுதான்டா, யாரு வந்து பார்க்கப் போறாங்க?"

யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதுதான் பதில். ஃபர்ம்களின் பதிவேட்டைக் கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம் (பிரிவு 66), நகலும் வாங்கலாம் (பிரிவு 67). கடன் கொடுக்கும் பேங்க் பார்க்கும். மோட்டார், பேட்டரி சப்ளை செய்கிறவர் பணம் வராதபோது கண்டிப்பாகப் பார்ப்பார்.

பிரிவு 70: நிதானமாகப் படிக்க வேண்டிய இடம்

கூட்டாண்மைச் சட்டத்தில் பொய்த் தகவலுக்கான தண்டனை பிரிவு 70-இல் இருக்கிறது. 3 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். "மூணே மாசம்தானா?" என்று தோன்றும். தண்டனையைவிட, அந்தப் பிரிவு குற்றத்தை எப்படி வரையறுக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அதற்கு நான்கு வாசல்கள். தகவல் பொய் என்று தெரிந்தே கையெழுத்திடுவது ஒன்று. உண்மை என்று நம்பாமல் கையெழுத்திடுவது இரண்டாவது. முழுமையாக இல்லை என்று தெரிந்தே கையெழுத்திடுவது மூன்றாவது. முழுமையானது என்று நம்பாமல் கையெழுத்திடுவது நான்காவது.

இரண்டாவதையும் நான்காவதையும் மறுபடி படியுங்கள். "எனக்கு அது பொய்னு தெரியாது சார்" என்று சொல்லி முதல் வாசலில் தப்பிவிடலாம். ஆனால் தேதியைப் பார்த்த அன்றைக்கே "இது எப்படிடா? நாம போன வருஷம் ஃபர்ஸ்ட் இயர் ரிசல்ட்டுக்கு வெயிட் பண்ணிட்டிருந்தோமே" என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், நீங்கள் அதை நம்பவில்லை. நம்பாமல் கையெழுத்துப் போட்டீர்கள். அதை வாட்ஸ்அப்பில் வேறு கேட்டிருந்தால், நம்பவில்லை என்பதற்கான சாட்சியம் உங்கள் ஃபோனிலேயே இருக்கிறது.

மாமாவின் பெயர் விடுபட்டது மூன்றாம், நான்காம் வாசல். எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்கலாம். இருக்க வேண்டிய ஒரு வரி இல்லையென்றாலும் குற்றம்தான். நம்மில் பலர் பொய் என்றால் எழுதியதை மட்டுமே யோசிக்கிறோம். சட்டம் எழுதாததையும் கணக்கில் எடுக்கிறது.

அப்படியானால் படிக்காமலே கையெழுத்துப் போட்டவன்? நேர்மையாகச் சொன்னால், அவனைப் பிரிவு 70-இல் மாட்டுவது கடினம். அவன் மனதில் எந்த அறிவும் இல்லை, சந்தேகமும் இல்லை என்று வாதாட இடம் இருக்கிறது. "அப்போ படிக்காம போடறதுதான் சேஃப்" என்று யாராவது முடிவு கட்டுவதற்குள் அடுத்த பகுதியைப் படித்துவிடுங்கள்.

பொய், எழுதியவனுக்கு மட்டும் உண்மையாகும்

எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த பிரிவு 68. பதிவேட்டில் ஏறிய ஒரு தகவல், அதில் கையெழுத்திட்டவருக்கு எதிராக முடிவான சான்று. சிறைத் தண்டனை பற்றிய பேச்சே இல்லாத பிரிவு. ஆனால் பெரும்பாலும் ஆளை வீழ்த்துவது இதுதான். முடிவான சான்று என்றால், அதற்கு மாறாக நீங்கள் சாட்சியம் கொண்டுவந்தாலும் எடுபடாது. மற்றவர்களைப் பொறுத்தவரை அந்தத் தகவலை மறுக்கலாம். கையெழுத்திட்ட உங்களால் மட்டும் முடியாது.

நம்ம ட்ரோன் கேஸில் வைத்துப் பாருங்கள். உண்மையில் நீங்கள் சேர்ந்தது இந்த வருஷம் ஜூன் மாதம். அதற்கு முன், பிப்ரவரியில், ரூம்மேட் அதே ஃபர்ம் பெயரில் 4 லட்சம் ரூபாய்க்குப் பேட்டரியும் கன்ட்ரோலரும் கடனில் வாங்கியிருக்கிறான். சட்டப்படி, புதிதாகச் சேரும் பார்ட்னர் தான் சேர்வதற்கு முந்தைய கடன்களுக்குப் பொறுப்பில்லை (பிரிவு 31). அதாவது உண்மைத் தேதியை எழுதியிருந்தால் அந்த 4 லட்சம் உங்களைத் தொடாது. நீங்களோ போன வருஷம் ஏப்ரலிலேயே சேர்ந்துவிட்டதாகக் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். சப்ளையர் பதிவேட்டின் நகலை நீதிமன்றத்தில் வைத்தால் போதும். "இல்லீங்க சார், அது டெண்டருக்காகச் சும்மா போட்ட தேதி" என்று சொன்னால் கடன் பொறுப்பும் தீராது, டெண்டர் கொடுத்த அலுவலகத்தின் முன் ஏமாற்றியதை ஒப்புக்கொண்டதாகவும் ஆகும்.

அந்தக் கடனில் உங்கள் பங்கு எவ்வளவு? பாதி என்று நினைப்போம். பிரிவு 25 அப்படிச் சொல்லவில்லை. பார்ட்னராக இருந்த காலத்தில் ஃபர்ம் செய்தவற்றுக்கு எல்லோரும் சேர்ந்தும் பொறுப்பு, ஒவ்வொருவரும் தனித்தனியாகவும் பொறுப்பு. சப்ளையர் முழு 4 லட்சத்தையும் உங்களிடமே கேட்கலாம். ரூம்மேட்டிடம் இருந்து அவன் பங்கை வசூலிப்பது அப்புறம் உங்கள் பாடு. பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் "இவருக்கு நஷ்டத்தில் பங்கில்லை" என்று எழுதியிருந்தாலும் அது உங்கள் இருவருக்குள் மட்டும்தான் செல்லும், வெளியாளைக் கட்டுப்படுத்தாது. படிக்காமல் போட்டவனுக்கும் படித்துவிட்டுப் போட்டவனுக்கும் இங்கே வித்தியாசமே இல்லை.

கையெழுத்தே போடாதவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. "சரி, நீ சைன் பண்ண வேண்டாம், வெப்சைட்டில் கோ-ஃபவுண்டர்னு உன் போட்டோ மட்டும் போட்டுக்கறேன்" என்றால் பலர் தலையாட்டிவிடுகிறோம். லிங்க்ட்இனில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பார்ட்னர் இல்லாத ஒருவர், தன்னைப் பார்ட்னராகக் காட்டத் தெரிந்தே அனுமதித்தால், அதை நம்பிக் கடன் கொடுத்தவருக்கு அவர் பார்ட்னரைப் போலவே பொறுப்பு (பிரிவு 28). எல்.எல்.பி. சட்டத்தின் பிரிவு 29-உம் இதையொத்ததுதான்.

முகவரிப் பொய்யைச் சுருக்கமாக முடிக்கிறேன். கடை மாடியில் தொழில் நடக்கவில்லை என்பது பிரிவு 70-க்குள் வரும். அதோடு, சம்மதக் கடிதத்தில் மாமாவின் கையெழுத்தை ரூம்மேட்டே போட்டிருந்தால் அது வேறு சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 336-இன்படி, ஏமாற்றும் நோக்கத்தோடு செய்த போலி ஆவணத்துக்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு. 3 மாதம் எங்கே, 7 ஆண்டு எங்கே!

எல்.எல்.பி. என்றால் தப்பித்துவிடலாமா?

"அதான் லிமிடெட் லயபிலிட்டி ஆச்சே" என்பது அடுத்து வரும் கேள்வி. எல்.எல்.பி.யின் கடனுக்குப் பார்ட்னர் என்ற ஒரே காரணத்தால் உங்கள் சொந்தச் சொத்தில் கை வைக்க முடியாது. உண்மை. ஆனால் பொய்க்கு அந்த வேலி கிடையாது.

பிரிவு 37: இந்தச் சட்டத்துக்காகத் தாக்கல் செய்யும் எந்த ஆவணத்திலும், முக்கியமான ஒன்றைப் பொய் என்று தெரிந்தே சொன்னாலோ, முக்கியம் என்று தெரிந்தே மறைத்தாலோ, 2 ஆண்டு வரை சிறையும், 1 லட்சம் முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும். 1932 சட்டத்தில் "அல்லது" என்று இருந்த இடத்தில் இங்கே சிறைக்கு மேல் அபராதமும் சேர்கிறது. அபராதம் 1 லட்சத்துக்குக் கீழே இறங்காது. 2021-இல் எல்.எல்.பி. சட்டத்தைத் திருத்தி, தாமதம் போன்ற பல நடைமுறைத் தவறுகளைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்து வெறும் அபராதமாக்கினார்கள். பொய்க்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. கடன் கொடுத்தவர்களை ஏமாற்றும் நோக்கத்தோடு தொழில் நடத்தினால் அதில் ஈடுபட்ட பார்ட்னர்களின் பொறுப்புக்கு வரம்பே இல்லை என்று பிரிவு 30 சொல்கிறது. அதற்கான சிறைத் தண்டனையை அதே திருத்தம் 2 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக உயர்த்தியது. தாமதத்துக்கு இறங்கி வந்த அரசு, ஏமாற்றுக்கு இறுக்கிப் பிடித்தது. இது எனக்கு நியாயமாகவே படுகிறது.

எல்.எல்.பி.யில் குறைந்தது இரண்டு 'டெசிக்னேட்டட் பார்ட்னர்' வேண்டும். "பேருக்கு ஒரு கையெழுத்து" என்று கூப்பிடுவது பெரும்பாலும் இந்த நாற்காலிக்குத்தான். பெயரைக் கேட்டால் கௌரவப் பதவி மாதிரி இருக்கும். ஆனால் படிவங்களைத் தாக்கல் செய்வது உட்பட சட்டத்தைக் கடைப்பிடிக்கும் பொறுப்பும், தவறினால் வரும் அபராதமும் இவர் தலையில்தான் (பிரிவு 8).

ஆரம்பிக்கும்போது எல்லோரும் கொஞ்சம் கவனமாக இருப்பார்கள். வழுக்குவது வருஷா வருஷம் போடும் படிவத்தில் என்பது என் கணிப்பு. படிவம் 8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 31-இல் முடியும் நிதியாண்டுக்கு, அக்டோபர் 30-க்குள் தர வேண்டிய கணக்கு மற்றும் கடன் தீர்க்கும் திறன் அறிக்கை. அதில் டெசிக்னேட்டட் பார்ட்னர்கள், கடன்களை அவை வரும் நேரத்தில் முழுவதும் அடைக்க எல்.எல்.பி.யால் முடியுமா என்பதை அறிவித்துக் கையெழுத்திட வேண்டும். பேங்கில் 3,000 ரூபாய். சப்ளையருக்கு 4 லட்சம் பாக்கி. நாளைக்கு வரும் ஆர்டர் எதுவும் கையில் இல்லை. போன வருஷப் படிவத்தை அப்படியே காப்பி பண்ணி, "முடியும்" என்று கையெழுத்தாகிவிடும். அந்த நேரம் உங்களுக்கு இன்டர்னல்ஸ் வேறு. அந்த ஒரு வார்த்தை, பிரிவு 37 பேசும் 'முக்கியமான தகவல்' இல்லையென்றால் வேறு எது?

ஆடிட்டர் ஆபீஸ் நிரப்பிக் கொடுத்ததே என்றால், அவர்களுக்கும் பொறுப்பு உண்டுதான். எல்.எல்.பி. உருவாகும்போது, எல்லா விதிகளும் நிறைவேறின என்று வக்கீலோ சி.ஏ.வோ கம்பெனி செகரட்டரியோ காஸ்ட் அக்கவுன்டன்டோ ஒரு அறிக்கை தர வேண்டும். ஆரம்பிக்கும் பார்ட்னர்களில் ஒருவரும் தர வேண்டும். பொய் என்று தெரிந்தோ, உண்மை என்று நம்பாமலோ கொடுத்தால் 2 ஆண்டு வரை சிறை (பிரிவு 11). அவர் மாட்டினால் நீங்கள் விடுபடுவீர்கள் என்பது இல்லை. இருவரும் தனித்தனியாகச் சொன்ன பொய்க்கு இருவரும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

டோக்கன் யார் கையில்?

நம்ம டிபார்ட்மென்ட் ஆட்களுக்கு நன்றாகப் புரியும் விஷயம் இது. எல்.எல்.பி. படிவங்களில் பேனாவால் கையெழுத்து கிடையாது, டிஜிட்டல் சிக்னேச்சர். படிவத்தின் ஹாஷ் கணக்கிடப்படும். யு.எஸ்.பி. டோக்கனுக்குள் இருக்கும் பிரைவேட் கீ அந்த ஹாஷை ஒப்பமிடும். சர்டிஃபிகேட்டில் உள்ள பப்ளிக் கீயால் யாரும் அதைச் சரிபார்க்கலாம். படிவத்தில் ஒரு எழுத்து மாறினாலும் சரிபார்ப்பு தோற்றுவிடும். கிரிப்டோகிராஃபி பாடத்தில் இதற்குப் பெயர் நான்-ரெப்யூடியேஷன். "நான் போடலை" என்று பின்னால் மறுக்க முடியாத தன்மை.

இவ்வளவு கணிதத்தையும் கட்டி முடித்துவிட்டு, டோக்கனையும் பின் நம்பரையும் ஒரு கவரில் போட்டு ஆடிட்டர் ஆபீஸ் டிராயரில் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்! டோக்கனுக்குத் தெரிந்ததெல்லாம் பின் நம்பர்தான். தட்டுகிற விரல் யாருடையது என்று அதற்குத் தெரியாது. பிரைவேட் கீயைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள நியாயமான கவனம் எடுப்பது உரியவரின் கடமை என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் பிரிவு 42 சொல்கிறது. மோசடியாக உங்கள் சிக்னேச்சரைப் பயன்படுத்தியவரை அதே சட்டத்தின் பிரிவு 66சி-இன்படி 3 ஆண்டு வரை சிறைக்கு அனுப்ப இடமுண்டு. ஆனால் அதற்கு, அவர் உங்கள் அனுமதியில்லாமல் போட்டார் என்று காட்ட வேண்டும். பின் நம்பரை நீங்களே எழுதிக் கொடுத்திருந்தால் எப்படிக் காட்டுவீர்கள்?

கையெழுத்துப் போட்டாகிவிட்டதா?

உண்மையிலேயே கவனக்குறைவாக நேர்ந்த பிழை என்றால் வழி இருக்கிறது. முகவரியில் கதவு எண் தப்பு, இனிஷியல் தப்பு என்றால், கையெழுத்திட்ட எல்லோரும் சேர்ந்து விண்ணப்பித்தால் பதிவாளர் திருத்தலாம் (கூட்டாண்மைச் சட்டம், பிரிவு 64). எல்.எல்.பி.யில் மோசடி நடப்பதைக் கண்டு, விசாரணைக்கு உதவும் தகவலைக் கொடுக்கும் பார்ட்னருக்கோ ஊழியருக்கோ தண்டனையைக் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ நீதிமன்றத்துக்கும் தீர்ப்பாயத்துக்கும் அதிகாரம் உண்டு (பிரிவு 31).

நம்மில் அதிகம் பேருக்கு வரப்போகும் நிலைமை வேறு. டிகிரி முடிந்தது, பெங்களூருவில் வேலை கிடைத்தது, "இனிமே நான் இல்லடா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியாச்சு. பதிவேட்டில் நீங்கள் இன்னும் பார்ட்னர். அன்று உண்மையாக இருந்த பதிவு இன்று பொய். அதைத் திருத்தாதவரை வெளியாட்கள் அதை நம்பலாம். சாதாரண பார்ட்னர்ஷிப்பில், பொது அறிவிப்புக் கொடுக்கும்வரை, விலகியவர் ஃபர்மின் புதிய கடன்களுக்கும் பொறுப்பாகவே தொடர்வார். அவர் பார்ட்னர் என்று தெரியாமலே ஃபர்மோடு வியாபாரம் செய்தவருக்கு மட்டும் பொறுப்பில்லை (பிரிவு 32). பதிவான ஃபர்ம் என்றால் பொது அறிவிப்பு மூன்று இடத்தில் கொடுக்க வேண்டும்: பதிவாளருக்கு, அரசிதழில், அந்த மாவட்டத்தில் வரும் ஒரு வட்டாரமொழிப் பத்திரிகையில் (பிரிவு 72). வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து எக்ஸிட் ஆவது இந்தப் பட்டியலில் இல்லை.

எல்.எல்.பி.யில், நீங்கள் விலகிய 30 நாளுக்குள் அவர்கள் படிவம் 4 தாக்கல் செய்ய வேண்டும். "பண்றேன் மச்சி, அடுத்த வாரம்" என்று இழுத்தடித்தால் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம். அவர்கள் செய்யமாட்டார்கள் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் விலகியவரே நேரடியாகப் பதிவாளருக்கு அந்த அறிவிப்பைத் தரலாம் என்று பிரிவு 25 வழி விட்டிருக்கிறது. விலகல் கடிதத்தை மெயிலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள், ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். டிராயரில் இருக்கும் அந்த டோக்கனையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.